பிடிக்கிற கைகளுக்கு என்ன விலை?

2022 ஆகஸ்டில் மும்பையில் நடந்த புரோ கபடி ஏலத்தில், தமிழ் தலைவாஸ் அணி ஒரே ஒரு வீரருக்கு 2 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. வீரரின் பெயர் பவன் செராவத். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் 2 கோடி போனதில்லை. ஓர் அணி அந்த சீசனில் வீரர்களுக்குச் செலவிட அனுமதிக்கப்பட்ட மொத்தத் தொகையே 4 கோடியே 40 லட்சம்தான். நூறு ரூபாயில் 51 ரூபாய், எதிரணிக் களத்துக்குப் பாடிப் போகும் ஒரே ஒரு ரெய்டருக்குப் போயிற்று. அக்டோபர் 8-ஆம் தேதி, குஜராத் ஜெயன்ட்ஸுடன் முதல் ஆட்டம். பத்து நிமிடம் ஆவதற்குள் பவன் முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். அந்த சீசனில் அவர் மறுபடி களமிறங்கவே இல்லை. ஆட்டம் 31-31 எனச் சமனில் முடிந்தது.

அதே அணி, அதே சீசனில், தன் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

இந்த இரண்டு வரிகளையும் பேரேட்டில் அருகருகே எழுதிப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். பணம் ஓர் இடத்துக்குப் போக, வெற்றி வேறோர் இடத்திலிருந்து வந்தது எப்படி? ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தெருவுக்கொரு கபடிக் குழு உண்டு. எந்தப் பையனை எந்த இடத்தில் நிறுத்துவது, யாரைத் தக்கவைப்பது, வெளியூர் ஆட்டக்காரரை எவ்வளவு கொடுத்து அழைத்துவருவது என்று அந்தக் குழுக்களும் வருடம் முழுக்கக் கணக்குப் போடுகின்றன. அவர்களுக்கும் சேர்த்தே இந்தக் கணக்கு.

நான் சொல்ல வருவது இதுதான்: கபடியில் அணியைக் கட்டுவது என்றால் பிடிவரிசையை, அதாவது எதிரணி ரெய்டரைப் பிடிக்க நிற்பவர்களைக் கட்டுவது. ரெய்டரை அதற்குப் பிறகுதான் வாங்க வேண்டும்.

களத்தின் அளவு

ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மொத்தம் 130 சதுர மீட்டர். நடுக்கோடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. இரு பக்கமும் உள்ள ஒரு மீட்டர் லாபியைக் கழித்தால், ஓர் அணி காக்க வேண்டிய பரப்பு 6.5-க்கு 8, அதாவது 52 சதுர மீட்டர். ஏழு பேர் நின்றால் ஆளுக்கு ஏறத்தாழ 7.4 சதுர மீட்டர். மூன்று பேர் மட்டும் மிஞ்சியிருந்தால் ஆளுக்கு 17.3. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். அங்கிருந்து ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. அதற்குப் பின்னால் மிச்சம் 1.75 மீட்டர்.

இரண்டு ஓரங்களிலும் கார்னர்கள். அவர்களுக்கு உட்பக்கம் இன். அதற்கும் உள்ளே கவர்கள். நடுவில் சென்டர். ரெய்டர் உள்ளே வந்ததும் பக்கத்தில் உள்ளவர்கள் கைகோத்துக்கொள்வார்கள். கார்னர் காலைப் பிடிப்பார், கவர் மோதித் தள்ளுவார் அல்லது வழியை அடைப்பார், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள்.

இனி நேரக் கணக்கு. ஆட்டம் 40 நிமிடம், அதாவது 2,400 விநாடி. ஒரு ரெய்டுக்கு அதிகபட்சம் 30 விநாடி. ஒவ்வொரு ரெய்டும் முழு நேரம் போனால்கூட 80 ரெய்டு, ஓர் அணிக்கு 40. முதன்மை ரெய்டர் அதில் பாதியைத் தானே போனாலும் 20 ரெய்டு, பத்து நிமிட வேலை. அவுட் ஆகாத ஒரு கார்னர் எதிரணியின் 40 ரெய்டுகளுக்கும் நின்றாக வேண்டும். அவருக்கு அது 20 நிமிடக் காவல்.

தலைவாஸ் பேரேடு

2014-இல் 8 அணிகளுடன் தொடங்கிய லீக், 2017-இல் 12 அணிகளாக விரிந்தபோது தமிழ் தலைவாஸ் வந்தது.

2017: அஜய் தாக்கூரை 69 லட்சத்துக்கு எடுத்தார்கள். அவர் 222 ரெய்டு புள்ளி எடுத்தார். கொடுத்த காசுக்குக் குறைவைக்காத ஆட்டம். அணி பி பிரிவில் கடைசி.

2018-19: அஜய் மறுபடியும் 203 ரெய்டு புள்ளி. அணி மறுபடியும் பி பிரிவில் கடைசி.

2019: ராகுல் சவுத்ரியை 94 லட்சத்துக்குச் சேர்த்தார்கள். அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர் ஆகியோரும் இருந்தார்கள். மூன்றும் பெரிய பெயர்கள். 22 ஆட்டங்களில் 4 வெற்றி, 12 அணிகளில் 12-ஆவது இடம்.

2021-22: ரெய்டர் மஞ்சீத்துக்கு 92 லட்சம், கவர் ஆட்டக்காரர் சுர்ஜீத் சிங்குக்கு 75 லட்சம். 5 வெற்றி, 6 சமன், 11 தோல்வி. 11-ஆவது இடம். ஆனால் இந்த சீசனில் பேரேட்டின் மறுபக்கத்தில் ஒரு புது வரி சேர்ந்தது. சாகர் ராத்தி என்ற இளம் வலது கார்னர் 82 டேக்கிள் (பிடி) புள்ளி எடுத்து லீக்கின் முன்னணி வரிசைக்கு வந்தார்.

2022: பவனுக்கு 2.265 கோடி. அவர் வெளியேறியதும் கேப்டன் பொறுப்பு சாகரின் தோளுக்கு வந்தது. சீசனின் நடுவில் பயிற்சியாளராக அஷன் குமார் வந்தார். சாகர், சாஹில் குலியா, மோஹித், தமிழ்நாட்டைச் சேர்ந்த எம். அபிஷேக் என்று பிடிவரிசை முழுவதும் இளைஞர்கள். ரெய்டில் நரேந்தர் என்ற புதுமுகம் தன் முதல் சீசனிலேயே 243 புள்ளி எடுத்தார். 10 வெற்றி, 4 சமன், 8 தோல்வி, 66 புள்ளி, ஐந்தாவது இடம். எலிமினேட்டரில் உ.பி. யோதாஸுடன் 36-36 எனச் சமன் ஆகி, டைபிரேக்கரில் 6-4 என வென்றார்கள். அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அந்த சீசனில் சென்னையில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. வடசென்னை முழுவதும் அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தது.

2023-24: அதே இளைஞர் கூட்டத்தில் பெரும்பாலோர் தொடர்ந்தார்கள். 9 வெற்றி, 13 தோல்வி, 51 புள்ளி, ஒன்பதாவது இடம். இந்த வரியை நான் மறைக்கப்போவதில்லை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2024: ஏல வரம்பு 5 கோடி. சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம். அந்த ஆண்டின் மிக உயர்ந்த விலை அதுதான், வரம்பில் 43 சதவீதம். பிடிப்பக்கம் நிதேஷ் குமார் 77 டேக்கிள் புள்ளியுடன் சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். அணி 8 வெற்றி, 50 புள்ளி, மறுபடி ஒன்பதாவது.

2025: அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரம், பவன் செராவத்துக்கு 59 லட்சத்து 50 ஆயிரம். இரு ரெய்டர்களுக்குச் சரியாக 2 கோடி, வரம்பில் 40 சதவீதம்.

பேரேட்டைப் புரட்டினால் ஒரு பழக்கம் தெரிகிறது. ஏலத்துக்குப் போகும்போதெல்லாம் முதல் பெரிய காசு ரெய்டருக்கு. மிஞ்சியது மற்றவர்களுக்கு. 2022-இல் 2.265 கோடி போக மிச்சம் 2.135 கோடி. குறைந்தபட்சம் 18 பேர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மற்ற 17 பேருக்குச் சராசரி 12.56 லட்சம். 2024-இல் 2.15 கோடி போக மிச்சம் 2.85 கோடி, சராசரி 16.76 லட்சம். முதல் கையெழுத்திலேயே மற்ற 17 பேரின் தரம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

ஒரு புள்ளியின் விலை

ஏலத்தில் உட்காருகிறவர்களை அறிவற்றவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. விலையைப் புள்ளியால் வகுத்துப் பாருங்கள்.

அஜய் தாக்கூர், 2017: 69 லட்சம், 222 ரெய்டு புள்ளி. ஒரு புள்ளிக்கு 31,081 ரூபாய்.

பர்தீப் நர்வால், 2021-22: 1.65 கோடி, 188 ரெய்டு புள்ளி. ஒரு புள்ளிக்கு 87,766 ரூபாய்.

ஃபசல் அத்ராசலி, 2018-19: 1 கோடி, 83 டேக்கிள் புள்ளி. ஒரு புள்ளிக்கு 1,20,482 ரூபாய்.

முகமதுரேசா ஷாத்லூயி, 2023-24: 2.35 கோடி, 99 டேக்கிள் புள்ளி. ஒரு புள்ளிக்கு 2,37,374 ரூபாய்.

இப்படிப் பார்த்தால் ரெய்டர் மலிவு, பிடிப்பவர் விலை அதிகம். லீக் வரலாற்றிலேயே அதிக ரெய்டு புள்ளி பர்தீப் நர்வாலுடையது, 1,800-க்கு மேல். ஃபசல் டேக்கிளில் 500-ஐத் தாண்டிய முதல் ஆட்டக்காரர். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். ஏலக்காரர் இந்த எண்களைப் பார்த்துத்தான் கையைத் தூக்குகிறார்.

கணக்கின் கோளாறு இங்கேதான் இருக்கிறது. பிடிவரிசை செய்யும் வேலையில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை.

முதலாவது, மூன்று பேர் சேர்ந்து ஒருவரைப் பிடித்தால் புள்ளி ஒருவர் பெயரில்தான் விழும். சங்கிலியில் கோத்த மற்ற இரண்டு கைகளுக்கு ஏட்டில் இடமில்லை. எண்ணூர்க் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கயிற்றின் முன்னால் நிற்பவர் ஒருவர்தான், ஆனால் வலை கரையேறுவது அத்தனை பேரின் இழுப்பில்.

இரண்டாவது, ரெய்டர் ஒன்றும் எடுக்காமல் வெறுங்கையோடு திரும்பினால் அது யார் பெயரிலும் புள்ளி ஆகாது. ஆனால் அடுத்தடுத்து இரண்டு வெற்று ரெய்டு போனால் மூன்றாவது டூ-ஆர்-டை. எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் வெளியே. அந்த நெருக்கடியை உண்டாக்கியது பிடிவரிசை. புள்ளிப் பட்டியலில் அது சுழியம்.

மூன்றாவது, ஒரு டேக்கிள் ஒரு புள்ளியோடு நிற்பதில்லை. எதிரணியின் சிறந்த ரெய்டரை அது வெளியே உட்காரவைக்கிறது. அவர் பக்கம் யாராவது புள்ளி எடுத்து அவரை மீட்கும் வரை அவர் விலை எத்தனை கோடியானாலும் பயனில்லை. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. ஆல் அவுட் ஆனால் எதிரணிக்குக் கூடுதல் இரண்டு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடலாம். எதிரணி 40 ரெய்டு வருகிறது. 20 தடவை ஒரு புள்ளி எடுக்கிறது, 10 தடவை பிடிபடுகிறது, 10 தடவை வெறுங்கையோடு போகிறது. பிடிவரிசை கொஞ்சம் தேறி, இது 16, 12, 12 என்று மாறினால் எதிரணிக்கு 4 புள்ளி குறைவு, நமக்கு 2 புள்ளி கூடுதல். மொத்தம் 6 புள்ளி வித்தியாசம். பட்டியலில் ஏறுவதோ கூடுதலாக 2 டேக்கிள் மட்டும்.

ஆறு புள்ளி பெரிதா? கடைசி ஐந்து இறுதியாட்டங்களைப் பாருங்கள்: 37-36, 33-29, 28-25, 32-23, 31-28. வித்தியாசம் முறையே 1, 4, 3, 9, 3. சராசரி 4. ஐந்தில் நான்கு கோப்பைகள் அந்த ஆறு புள்ளிக்குள் கைமாறியிருக்கின்றன.

21 ஜோடிகள்

பிடிவரிசையின் உண்மையான சரக்கு ஆட்கள் மட்டுமல்ல, ஆட்களுக்கு இடையே உள்ள புரிதல். இடது கார்னர் எப்போது பாய்வார் என்று இடது கவருக்குத் தெரிய வேண்டும். ஒருவர் அரை விநாடி முந்தினால் சங்கிலி அறுந்துவிடும்.

ஏழு பேருக்குள் இரண்டிரண்டு பேராகச் சேர்த்தால் 21 ஜோடி. ஒருவரை மாற்றினால் 6 ஜோடி புதிது. இரண்டு பேரை மாற்றினால் 11. மூன்று பேரை மாற்றினால் 15. அதாவது ஏழில் மூன்று பேர் புதியவர் என்றால், 21 புரிதல்களில் பழையது ஆறே ஆறு. 71 சதவீதம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரெய்டருக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவர் உள்ளே போகும்போது தனியாள். எந்த அணிக்கு வந்தாலும் அவர் கால், அவர் மூச்சு.

ஆகவே ரெய்டரை ஏலத்தில் வாங்க முடியும். பிடிவரிசையை ஏலத்தில் வாங்க முடியாது, அதை வளர்த்துத் தக்கவைக்க வேண்டும். 2024-இன் தலைவாஸ் கணக்கு இதைத்தான் காட்டுகிறது. லீக்கின் சிறந்த கார்னர் ஒருவர் இருந்தும் ஒன்பதாவது இடம். அருமையான ஒருவர் வேறு, கோத்து நிற்கும் வரிசை வேறு.

மற்ற அணிகளின் ஏடும் இதையே சொல்கிறது. 2021 ஏலத்தில் பாட்னா பைரேட்ஸ் தன் அடையாளமாக இருந்த பர்தீப் நர்வாலை விட்டுக்கொடுத்தது. அவரை உ.பி. யோதா 1.65 கோடிக்கு எடுத்தது. பாட்னா, ஈரானிலிருந்து வந்த ஷாத்லூயியை இடது கார்னரில் நிறுத்தியது. அவர் 89 டேக்கிள் புள்ளி எடுத்தார். பாட்னா 86 புள்ளியோடு அட்டவணையில் முதலிடம். அரையிறுதியில் எதிரே வந்தது பர்தீப்பின் உ.பி.தான். முடிவு 38-27, பாட்னாவுக்கு வெற்றி. 2022-இல் கோப்பை வென்ற ஜெய்ப்பூருக்கு அர்ஜுன் தேஷ்வால் 296 ரெய்டு புள்ளி தந்தார், உண்மை. கூடவே முதல் சீசன் ஆடிய அங்குஷ் என்ற கார்னர் 89 டேக்கிள் புள்ளி தந்தார். 2024 டிசம்பர் 29 இறுதியாட்டத்தில் பாட்னாவிடம் அந்த சீசனில் 301 ரெய்டு புள்ளி எடுத்த தேவாங்க் தலால் இருந்தார். ஹரியானா ஸ்டீலர்ஸ் அந்த அணியையே 23 புள்ளியில் நிறுத்திக் கோப்பையை எடுத்தது.

கடல் தாண்டி ஒரு கணக்கு

இதே கேள்வியை வேறொரு நாடு பல ஆண்டுகளாக டாலரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிபவர் குவாட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நின்று எதிரிகளைத் தடுப்பார்கள். அவர்கள் பந்தை எறிவதில்லை, சுமந்து ஓடுவதுமில்லை. அவர்கள் பெயரில் ஏறும் புள்ளி அநேகமாக ஒன்றுமில்லை.

2021 பிப்ரவரி 7, சூப்பர் பௌல் இறுதியாட்டம். கன்சாஸ் சிட்டியிடம் பேட்ரிக் மஹோம்ஸ் என்ற மிகச் சிறந்த குவாட்டர்பேக் இருந்தார். காவல் வரிசையின் இரண்டு முனைகளிலும் நிற்பவர்கள் காயத்தால் இல்லை. 9-31 எனத் தோற்றார்கள். அணி நிர்வாகம் சில மாதங்களில் அந்த வரிசையையே புதிதாகக் கட்டியது. ஜோ தூனி என்ற அனுபவசாலிக்கு 5 ஆண்டுக்கு 8 கோடி டாலர். இளைஞர் தேர்வில் 63-ஆவது ஆளாக கிரீட் ஹம்ஃப்ரி, 226-ஆவது ஆளாக ட்ரே ஸ்மித். இரண்டு ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரி 12, மறுபடியும் இறுதியாட்டம். எதிரணி ஃபிலடெல்பியா அந்த சீசனில் குவாட்டர்பேக்குகளை 70 தடவை வீழ்த்திய அணி. இறுதியாட்டத்தில் மஹோம்ஸை ஒரு தடவைகூட வீழ்த்த முடியவில்லை. கன்சாஸ் 38-35 என வென்றது.

அந்த ஃபிலடெல்பியாவும் வரிசை கட்டத் தெரிந்த அணிதான். 2018 தேர்வில் 233-ஆவது ஆளாக அவர்கள் எடுத்த ஜோர்டான் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர். அமெரிக்கக் கால்பந்தை அதுவரை ஆடியதே இல்லை. பொறுமையாகப் பழக்கினார்கள். 2021-இல் அவருக்கு 4 ஆண்டுக்கு 6.4 கோடி டாலர் ஒப்பந்தம். 2025 பிப்ரவரி 9-இல் அவர் நின்ற வரிசையோடு ஃபிலடெல்பியா கன்சாஸை 40-22 என வீழ்த்திக் கோப்பை எடுத்தது. அன்று மஹோம்ஸ் 6 தடவை வீழ்த்தப்பட்டார்.

63, 226, 233. இந்த எண்களைக் கவனியுங்கள். மிகச் சிறந்த காவல்காரர்கள் மூவரில் இருவரைப் பட்டியலின் அடியிலிருந்து பொறுக்கியிருக்கிறார்கள். பெயரில்லாத இடத்தில் தேடினால் விலை குறைவு. பிறகு பழக்குவதற்குக் காலம் கொடுக்க வேண்டும்.

எதிர்ப்பக்கக் கணக்கு

என் வாதத்துக்கு எதிரான வரிகளும் ஏட்டில் உண்டு.

2019 ஜனவரி 5 இறுதியாட்டத்தில் பெங்களூரு புல்ஸுக்காக பவன் செராவத் தனியாளாக 22 புள்ளி எடுத்தார். குஜராத்துக்கு எதிராக 38-33. ஒரு ரெய்டர் ஒரு கோப்பையை வாங்கித் தர முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்த ஆண்டு அவர் விலை 52 லட்சத்து 80 ஆயிரம். அந்தக் கோப்பைக்குப் பிறகு ஏறியதுதான் மற்றதெல்லாம்: 2022-இல் 2.265 கோடி, 2023-இல் 2.605 கோடி, 2024-இல் 1.725 கோடி, 2025-இல் 59.5 லட்சம். ஏழு ஆண்டில் மலையேறி இறங்கிய விலை. அவரை உச்ச விலைக்கு வாங்கிய அணி எதற்கும் அந்த சீசனில் கோப்பை கிடைக்கவில்லை. ரெய்டரை வாங்குவது தவறல்ல. அவர் புகழ் உச்சத்தில் இருக்கும்போது பாதிப் பணத்தைக் கொடுத்து வாங்குவதுதான் தவறு.

இரண்டாவது, 2023-24 தலைவாஸ். வரிசையின் பெரும்பகுதி அப்படியே இருந்தும் ஐந்தாவது இடத்திலிருந்து ஒன்பதாவதுக்கு இறங்கினார்கள். இதிலிருந்து நான் கற்பது: வரிசை இருந்தால் போதும் என்று சொல்ல முடியாது. எதிரணிகள் ஒரு வருடம் பார்த்து, யார் எப்போது பாய்கிறார் என்று படித்துவிடும். புது உத்தியும், மாற்று ஆட்களும், நம்பகமான இரண்டாவது ரெய்டரும் கூடவே வேண்டும். பிடிவரிசை அடித்தளம்தான். மேலே கட்டடமும் எழ வேண்டும்.

மூன்றாவது, 2023-24-இல் புனேரி பல்தான் 2.35 கோடியை, வரம்பில் 47 சதவீதத்தை, ஒரே ஆளுக்குக் கொட்டியும் கோப்பை வென்றது. அந்த ஆள் யார் என்று பார்க்க வேண்டும். 99 டேக்கிள் புள்ளி எடுத்த ஷாத்லூயி. பெரிய காசு ஒரே இடத்துக்குப் போனாலும் அது பிடிக்கிற கைகளுக்குப் போயிற்று. அதோடு அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் போன்ற வீட்டில் வளர்த்த ரெய்டர்கள் ஏற்கெனவே அணியில் இருந்தார்கள்.

5 கோடியைப் பிரித்தால்

என் கையில் 5 கோடி கொடுத்தால் இப்படிப் பிரிப்பேன்.

முதல் ரெய்டர்: 1 கோடியே 25 லட்சம், 25 சதவீதம். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் கையைக் கீழே இறக்கிவிடுவேன்.

இரண்டு கார்னர்கள்: 1 கோடியே 20 லட்சம், 24 சதவீதம்.

இரண்டு கவர்கள்: 80 லட்சம், 16 சதவீதம்.

இரண்டாம், மூன்றாம் ரெய்டர்கள்: 75 லட்சம், 15 சதவீதம்.

மாற்றுப் பிடிப்பவர்கள்: 50 லட்சம், 10 சதவீதம்.

புதுமுக இளைஞர்களும் மற்றவர்களும்: 50 லட்சம், 10 சதவீதம்.

கூட்டினால் சரியாக 5 கோடி. பிடிப்பக்கத்துக்குப் பெயர் சொல்லி ஒதுக்கியது 2.5 கோடி, சரிபாதி. முதல் ரெய்டருக்கு அடிபட்டால் என் அணி கால்வாசிப் பணத்தை இழக்கும், பாதியை இழக்காது. இரண்டு கார்னர்களும் 25 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது மூன்று சீசனாவது சேர்ந்தே ஆட வேண்டும். 21 ஜோடிகளில் ஆண்டுக்கு ஆறுக்கு மேல் உடையக் கூடாது, அதாவது ஆண்டுக்கு ஒரே ஒரு மாற்றம்.

வடசென்னைக் குழுக்களுக்கு

கோடிகளில் போட்ட கணக்கு ஆயிரங்களிலும் செல்லும். ராயபுரத்துக் குழுவுக்கும் ஒரு தொடர் ஆட்டத்துக்கு 12 பேர்தான், களத்தில் 7 பேர்தான். ஆட்டத்துக்கு முந்தைய வாரம் வெளியூர் ரெய்டர் ஒருவரைக் காசு கொடுத்து அழைத்துவருவது இங்கேயும் நடக்கிற வழக்கம். அந்தக் காசில் பாதியை ஊரிலேயே நிறுத்திவையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

12 பேரை இப்படிப் பொறுக்கலாம்: முதன்மைப் பிடிப்பவர் 4, மாற்றுப் பிடிப்பவர் 3, ரெய்டர் 3, இரண்டும் தெரிந்தவர் 2. பயிற்சி ஒன்றரை மணி நேரம் என்றால் அதில் 45 நிமிடம் பிடிக்கு மட்டும். கார்னரும் கவரும் எப்போதும் ஒரே ஜோடியாகப் பழகட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நோட்டில் மூன்று விவரங்களை எழுதுங்கள்: எதிரணி எத்தனை ரெய்டு வந்தது, எத்தனை தடவை வெறுங்கையோடு போனது, பிடித்தபோது யார் யார் கை கோத்திருந்தார்கள். புள்ளிப் பட்டியலில் ஏறாத விவரங்கள் இவை. பத்து ஆட்டத்துக்கு எழுதினால் உங்கள் அணியில் உண்மையான விலை யாருக்கு என்று தெரிந்துவிடும்.

இன்னொரு தேவையும் உண்டு. பிடிக்கிற பையன் விழுந்து எழுகிறவன். மண் தரையிலும் சிமெண்டுத் தரையோரத்திலும் விழுந்தால் முட்டி போய்விடும். ஒரு முழுக் களத்துக்கு ஒரு மீட்டர் சதுர மேட் 130 வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து மாநகராட்சி விளையாட்டுத் திடல்களில் பகுதிக்கு ஒரு மேட் களமாவது வர வேண்டும். ஆலைகளும் துறைமுகங்களும் சூழ்ந்த இந்தப் பகுதியில் சமூகப் பொறுப்பு நிதி வைத்திருக்கும் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. 130 மேட் என்பது அவர்களால் தாங்க முடியாத சுமையல்ல.

தமிழ் மண்ணுக்குப் பிடி புதிதல்ல. 2016-இல் பாட்னாவுக்குக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன், தஞ்சாவூர் மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதன். அவர் ஒரு கார்னர். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ரெய்டரின் வேகம் முப்பதில் குறையத் தொடங்கும். பிடிப்பவரின் கணிப்பு அதற்குப் பிறகும் வளரும். போட்ட காசு நீண்ட காலம் திரும்பி வரும் இடம் அதுதான்.

அடுத்த ஏலத்தில் தலைவாஸ் மேசையில் உட்காருகிறவர்கள் முதல் கோடியைக் கார்னர்களுக்கு எடுத்துவைக்கட்டும். அதற்கு முன்பே, வடசென்னைக் குழுக்கள் தங்கள் நோட்டைத் தொடங்கட்டும்.